வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னா, பேசாத பிள்ளை? குமரகுருபரர் கதை

ஓம் சரவணபவ!



காலையில போனைத் திறந்தாலே முருகன் படம், வேல் படம், அதுக்குக் கீழ ஒரு பழமொழி. நமக்கு வந்ததும் நாலு குரூப்புக்கு அனுப்பிடறோம். நானும் அனுப்பறவன்தான். பழமொழியை அனுப்ப ஒரு விநாடி போதும். அதை வாழ்ந்து பார்க்கிறதுக்கு எவ்வளவு காலம் ஆகும்னு யோசிச்சப்போ எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். செந்திலாண்டவர் அருளால பேச ஆரம்பிச்சவர், பேசின பேச்சையெல்லாம் பொன்னா மாத்தினவர், ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள். அவரோட வாழ்க்கையை நம்ம வீட்டுப் பழமொழிகளோட சேர்த்து இன்னைக்குச் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

பேசாத பிள்ளை

தாமிரபரணிக் கரையில ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதியில ஒண்ணு, நவகைலாயத்துலயும் ஒண்ணு. 17-ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்ல சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி அம்மையார்னு ஒரு தம்பதி இருந்தாங்க. அப்பா பேருலயே சண்முகன் இருக்கார் பாருங்க. தமிழும் முருக பக்தியும் பரம்பரையா வந்த வீடு. அங்க பிறந்த குழந்தைதான் நம்ம சுவாமிகள்.

குழந்தைக்கு ஒரு வயசாச்சு, ரெண்டு வயசாச்சு, பேச்சு வரல. அஞ்சு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. கேட்கத் தெரிஞ்சவன், பேசத் தெரிஞ்சவன் எங்க போனாலும் பிழைச்சுக்குவான்னு அர்த்தம். நல்ல பழமொழிதான். ஆனா பேச்சு வராத பிள்ளையைப் பெத்த வீட்டு வாசல்ல நின்னு அதைச் சொன்னா, அது அந்தத் தாய்க்கு எப்படி வலிக்கும்? அதுவும் கவிராயர் வீடு. வர்றவங்க எல்லாம் பாட்டைப் பத்தியே பேசுவாங்க. அந்த வீட்டுப் பிள்ளை வாய் திறக்காம உட்கார்ந்திருக்கும். பழமொழி எவ்வளவு உண்மையா இருந்தாலும், யார்கிட்ட எப்போ சொல்றோம்ங்கிறது அதைவிட முக்கியம்னு எனக்கு இந்த இடத்துலதான் உறைச்சது.

செந்தூர் வாசலில்

பெத்தவங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு திருச்செந்தூருக்குப் போனாங்க. ஸ்ரீவைகுண்டத்துல இருந்து செந்தூர் ரொம்ப தூரம் இல்லை, சுமார் 30 கிலோமீட்டர். ஆனா அவங்க போய்ட்டு உடனே திரும்பற மாதிரி போகல. கடற்கரைச் சந்நிதியிலயே தங்கி, ஒரு மண்டலம் விரதம் இருந்தாங்க. நாழிக்கிணத்துல குளிச்சு, கடல்ல குளிச்சு, செந்திலாண்டவர் முன்னாடி அந்தப் பிள்ளையைக் கிடத்தினாங்க. நாள் போய்க்கிட்டே இருந்தது. மண்டலம் முடியற நேரமும் வந்தது. பெத்தவங்க மனசு உடைஞ்சு போயிருந்த அந்த நேரத்துல முருகப் பெருமான் குழந்தைக்கு அருள் செஞ்சார், குழந்தை வாய் திறந்ததுன்னு வரலாறு சொல்லுது.

பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க? அந்தக் குழந்தை முதன்முதலா பேசினது அம்மா, அப்பா இல்லை. முருகனையே பாடினது. அதுதான் கந்தர் கலிவெண்பா. 122 கண்ணிகள். முருகனோட ஆறு திருமுகம், பன்னிரண்டு கை, அவதாரம், சூரசம்ஹாரம், சைவ சித்தாந்தத்தோட சாரம் எல்லாம் அதுக்குள்ள அடங்கியிருக்கு. அதனாலதான் பெரியவங்க அதைக் குட்டிக் கந்தபுராணம்னு சொல்றாங்க. இன்னைக்கும் செந்தூர் போற பல குடும்பங்கள்ல அதைப் பாராயணம் பண்ற வழக்கம் இருக்கு.

அந்தப் பாட்டோட கடைசிப் பகுதியில குழந்தை என்ன வரம் கேட்குதுன்னு கவனிங்க. ஆசுகவி முதலான நாலு விதக் கவியும் பாடற திறமை கேட்குது, அட்டாவதானம் கேட்குது, கடைசியா முருகன் திருவடியைக் கேட்குது. பேச்சே இல்லாம இருந்தவருக்கு வாய் கிடைச்சதும், அந்த வாயை நல்லா பயன்படுத்தற அறிவும் வேணும்னு கேட்கத் தோணுச்சு. நமக்கெல்லாம் பிறந்ததுல இருந்தே வாய் இருக்கு. அதை வச்சு என்ன செய்யணும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கோமா?

இந்த இடத்துல ஒரு விஷயம். இதைப் படிக்கிற யார் வீட்டுலயாவது பேச்சு தாமதமாகிற குழந்தை இருந்தா, செந்தூருக்கும் வாங்க, டாக்டர்கிட்டயும் சீக்கிரமே காட்டுங்க. சீக்கிரம் பயிற்சி ஆரம்பிச்சா பல குழந்தைகளுக்கு நல்ல பலன் இருக்கு. முருகன் வைத்தியநாதரோட பிள்ளை. மருந்து வேண்டாம்னு அவர் சொல்ல மாட்டார்.

மதுரையில் நிறைகுடம்

பிள்ளை வளர்ந்தார். தமிழை ஆழமா படிச்சார். ஊர் ஊரா சிவத்தலங்களைக் கும்பிட்டுப் பாடிக்கிட்டே மதுரைக்கு வந்தார். அப்போ மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். 1623-ல இருந்து 1659 வரைக்கும் ஆட்சி. இன்னைக்கு நாம மதுரையில பார்க்கிற மகாலைக் கட்டின அதே நாயக்கர்தான்.

சுவாமிகள் மீனாட்சியம்மை மேல பிள்ளைத்தமிழ் பாடினார். மதுரையையே ஆண்ட அரசியை ஒரு சின்னக் குழந்தையா நினைச்சுத் தாலாட்டி, கை கொட்டச் சொல்லி, வா வான்னு கூப்பிடற பாட்டு. அரங்கேற்றம் கோயில்ல நாயக்கர் முன்னாடி நடந்தது. அப்போ மீனாட்சியே அர்ச்சகரோட சின்னப் பெண் வடிவத்துல வந்து, ராஜா மடியில உட்கார்ந்து பாட்டைக் கேட்டு, அவர் கழுத்துல இருந்த முத்துமாலையைக் கழற்றி சுவாமிகள் கழுத்துல போட்டுட்டு மறைஞ்சாள்னு சொல்வாங்க. அம்பாளே மாலை போட்ட பிறகு வேற என்ன பட்டம் வேணும்?

நம்மள்ல ஒருத்தருக்கு அது நடந்திருந்தா அன்னைக்கே ஊர் பூரா சொல்லியிருப்போம். அவரோ அடுத்த பாட்டுக்குப் போயிட்டார். மதுரைக் கலம்பகம், மீனாட்சியம்மை குறம், இரட்டைமணிமாலைன்னு வரிசையா வந்தது. நிறைகுடம் தளும்பாதுங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?

ராஜா கேட்ட புத்தகம்

திருமலை நாயக்கர் அவர்கிட்ட ஒரு வேண்டுகோள் வச்சார். பெரிய நீதி நூல்களோட சாரத்தைச் சுருக்கமா, எல்லாருக்கும் பயன்படற மாதிரி ஒரு நூலாத் தரணும்னு கேட்டார். அப்படி வந்ததுதான் நீதிநெறி விளக்கம். கடவுள் வாழ்த்தோட சேர்த்து 102 வெண்பா.

பழமொழி மாதிரியே மனசுல ஒட்டிக்கிற விஷயங்கள் அதுல நிறைய. எனக்குப் பிடிச்ச மூணு கருத்தை மட்டும் என் வார்த்தையில சொல்றேன்.

முதல் கருத்து படிப்பைப் பத்தி. எவ்வளவு படிச்சிருந்தாலும், இடம் அறிஞ்சு யோசிக்கிற அறிவு இல்லைன்னா அந்தப் படிப்பு இல்லாத மாதிரிதான். அந்த அறிவு இருந்தும், எடுத்துச் சொல்ற திறமை இல்லைன்னா அப்பவும் பயன் இல்லை. மூணும் சேர்ந்தா, தங்கத்துல செஞ்ச பூவுக்கு வாசனையும் வந்த மாதிரி. பேச்சோட அருமையை அஞ்சு வருஷம் பேசாம இருந்து தெரிஞ்சுக்கிட்டவர் சொல்றார். ஆனா பேச்சை மூணாவதா வச்சிருக்கார். முதல்ல படி, அப்புறம் யோசி, அதுக்கப்புறம் பேசு. தவளை தன் வாயால் கெடும்னு நம்ம பாட்டிகள் சொன்னதும் இந்த வரிசை தப்பினவங்களைப் பார்த்துத்தான்.

ரெண்டாவது கருத்து இன்னைக்கு இன்ஸ்டாகிராம் பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் எழுதின மாதிரியே இருக்கு. பணம், வசதி விஷயத்துல நம்மைவிடக் குறைவா இருக்கிறவங்களைப் பாரு, அடடா நமக்கு எவ்வளவு இருக்குன்னு சந்தோஷப்படு. படிப்பு விஷயத்துல நம்மைவிட அதிகமா படிச்சவங்களைப் பாரு, இவங்க முன்னாடி நாம படிச்சது எந்த மூலைக்குன்னு கர்வத்தை விடு. நாம இதை அப்படியே தலைகீழா செய்யறோம். அடுத்தவன் காரைப் பார்த்து ஏங்கறோம். ஒண்ணும் தெரியாதவனைப் பார்த்து, நமக்குத்தான் எல்லாம் தெரியும்னு மிதக்கறோம். குறைகுடம் கூத்தாடும்ங்கிறதும் இதுதான்.

மூணாவது கருத்து வேலையைப் பத்தி. எடுத்த காரியத்துல கண்ணா இருக்கிறவங்க உடம்பு வலியைப் பார்க்க மாட்டாங்க, பசியைப் பார்க்க மாட்டாங்க, தூங்க மாட்டாங்க, யார் கெடுதல் செஞ்சாலும் பொருட்படுத்த மாட்டாங்க, காலம் சரியில்லைன்னு சாக்குச் சொல்ல மாட்டாங்க, அவமானத்தையும் கணக்குல எடுக்க மாட்டாங்க. பரீட்சைக்கும் வேலைக்கும் தயாராகிற தம்பி, தங்கச்சிகள் இதைத் தனியா எழுதி வச்சுக்கங்க.

எழுதறது சுலபம். எழுதினதுக்கே ஒருநாள் சோதனை வந்தா? சுவாமிகளுக்கும் வந்தது.

யானைக்கும் அடி சறுக்கும்

சுவாமிகளுக்கு ஒரு குரு வேணும்னு ஏக்கம். குருவில்லா வித்தை பாழ்னு அவருக்குத் தெரியும். யார் முன்னாடி உன் வாக்கு தடைப்படுதோ அவரே உன் குருன்னு முருகப் பெருமான் அவருக்கு ஏற்கனவே உணர்த்தியிருந்தார்.

திருவாரூரை வணங்கி நான்மணிமாலை பாடிட்டு, மயிலாடுதுறைக்குப் பக்கத்துல தருமபுரம் ஆதீனத்துக்கு வந்தார். அப்போ நாலாவது குருமகாசந்நிதானமா இருந்தவர் மாசிலாமணி தேசிகர். ரெண்டு பேரும் பேசினாங்க. எந்தக் கேள்விக்கும் சுவாமிகள்கிட்ட உடனே பதில் இருந்தது. அப்போ தேசிகர் பெரியபுராணத்துல ஒரு பாட்டைக் கேட்டார். சுந்தரர் தில்லைக்குப் போய் நடராஜரைப் பார்க்கிற இடம். பார்த்த கணத்துல அவரோட அஞ்சு புலனும் கண்ணாவே ஆயிடுச்சுன்னு சேக்கிழார் பாடியிருப்பார். அந்தப் பாட்டோட அனுபவம் என்னன்னு தேசிகர் கேட்டார்.

சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டிருந்தா ஒரு நொடியில சொல்லியிருப்பார். கேட்டது அனுபவம். மீனாட்சியே மாலை போட்ட அந்த நாக்கு அங்க நின்னு போச்சு.

இந்தக் கட்டத்தை நான் எத்தனை தடவை நினைச்சாலும் மெய்சிலிர்க்கும். முதல் அஞ்சு வருஷம் அவர் பேசாம இருந்தது குறைன்னு உலகம் நினைச்சது. இப்போ ரெண்டாவது தடவை பேச்சு நிக்குது. இந்தத் தடவை அதுதான் அவருக்குக் கிடைச்ச பெரிய வரம். தெரிஞ்ச மாதிரி ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். சபையில மானத்தைக் காப்பாத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யல. தெரியலைங்கிறதை ஒத்துக்கிட்டு, இவரே என் குருன்னு காலில் விழுந்தார். தன்னைவிட அறிஞ்சவங்களைப் பார்த்துக் கர்வத்தை விடுன்னு ஊருக்கு எழுதினவர், அன்னைக்குத் தானே அதைச் செஞ்சு காட்டினார்.

யானைக்கும் அடி சறுக்கும்னு நாம யாராவது விழுந்தா கேலி பண்ண அந்தப் பழமொழியைச் சொல்றோம். சறுக்கின யானை என்ன செஞ்சதுன்னும் பார்க்கணும் இல்லையா?

குரு அவரைக் காசிக்குப் போய்ட்டு வரச் சொன்னார். அந்தக் காலத்துல போய் வர ரொம்ப நாளாகும். குருவைப் பிரிய மனசு வராம சுவாமிகள் தயங்கினார். அப்போ சிதம்பரத்துல கொஞ்ச காலம் இருன்னு குரு சொன்னார். போற வழியில வைத்தீஸ்வரன் கோயில். அங்க இருக்கிற நம்ம செல்வமுத்துக்குமார சுவாமி மேல ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். அஞ்சு வயசுல தன்னைப் பேச வச்ச தெய்வத்தைக் குழந்தையாக்கி, இப்போ அவர் பேசச் சொல்லிக் கொஞ்சறார்! அப்புறம் சிதம்பரத்துல தங்கி மும்மணிக்கோவையும், யாப்பிலக்கணத்துக்கு எடுத்துக்காட்டா செய்யுட்கோவையும் பாடினார். குரு மேல பண்டார மும்மணிக்கோவை பாடினார்.

காசியில் புது பாஷை

அதுக்கப்புறம் காசிப் பயணம். சுமார் 2000 கிலோமீட்டர். காட்டுவழி, வேற வேற ராஜ்யம், வேற வேற பாஷை. வடக்கே அப்போ மொகலாயர் ஆட்சி. காசியில தமிழ்நாட்டு அடியார்களுக்கு ஒரு இடம் வேணும், கேதாரேஸ்வரர் கோயில் வழிபாடு நல்லா நடக்கணும். அதுக்கு ஆட்சியாளர்கிட்டதான் கேட்கணும். ஆனா அவங்க பாஷை இவருக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. தமிழ்ல அவரை மிஞ்ச ஆள் இல்லை. வடக்கே அவர் மறுபடியும் பேசாத பிள்ளை! ஸ்ரீவைகுண்டத்துல இருந்த அதே நிலைமை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்ங்கிற பழமொழி மறுபடி எதிர்ல வந்து நிக்குது.

சுவாமிகள் கோபப்படல, வெட்கப்படல, திரும்பியும் போகல. கத்துக்கிட்டார். கலைமகளை வேண்டி சகலகலாவல்லி மாலை பாடினார். பத்துப் பாட்டு. அவளோட அருளால ஹிந்துஸ்தானி பாஷை கைவந்ததுன்னு வரலாறு. தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் நவராத்திரிக்குப் பிள்ளைங்க பாடற அதே மாலைதான். புது பாஷை கத்துக்க ஆசைப்படறவங்களுக்கு அது ரொம்ப விசேஷம்.

அப்புறம் அவர் ஆட்சியாளரைப் பார்க்கப் போனார். சிங்கத்து மேல ஏறிப் போனார்னு சொல்வாங்க. ஷாஜஹானோட மூத்த மகன் தாரா ஷிகோவைத்தான் சந்திச்சார்னும் சொல்வாங்க. உபநிடதங்களைப் பாரசீகத்துல கொண்டு வந்த இளவரசர் அவர். சுவாமிகள் அவங்க பாஷையிலேயே பேசி, கேட்டதை வாங்கினார். கங்கைக் கரையில கேதார் கட்டத்துல குமாரசாமி மடம் எழும்பியது. மடத்துக்கு யார் பேர் வச்சிருக்கார் பாருங்க. செந்தூர்ல வாய் கொடுத்தவர் பேர்! காசிக் கலம்பகமும் அங்க பிறந்தது.

காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாதுன்னு ஒரு பழமொழி இருக்கு. ஊர் மாறினா மட்டும் போதாது, மனுஷன் மாறணும்னு அதுக்கு அர்த்தம். சுவாமிகள் காசிக்குப் போனது தன் கணக்கைத் தீர்க்கிறதுக்கு மட்டும் இல்லை. பின்னால வர்ற ஆயிரம் பேருக்கு ஒரு திண்ணை வேணும்னு போனார். ஒரு தடவை தருமபுரம் வந்து குருவை வணங்கிட்டு, மறுபடியும் காசிக்கே போய், அங்கேயே வைகாசி மாசம் தேய்பிறை திருதியையில சிவபெருமான் திருவடி சேர்ந்தார். அவர் வழியில வந்தவங்க பிற்காலத்துல திருப்பனந்தாள்ல காசிமடத்தை அமைச்சாங்க. அது இன்னைக்கும் தமிழுக்கும் சைவத்துக்கும் தொண்டு செஞ்சுக்கிட்டு இருக்கு.

நாம எடுத்துக்க வேண்டியது

இந்த வாழ்க்கையில பேச்சு மூணு தடவை நின்னது. செந்தூர்ல நின்னப்போ பெத்தவங்க பொறுமை காத்தாங்க. தருமபுரத்துல நின்னப்போ அவர் பணிஞ்சார். காசியில நின்னப்போ அவர் கத்துக்கிட்டார். பொறுமை, பணிவு, உழைப்பு. நம்ம பழமொழிகள்ல பாதிக்கு மேல இந்த மூணைத்தான் வேற வேற வார்த்தையில சொல்லிக்கிட்டே இருக்கு.

அதனால வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்றப்போ, அதுல இன்னொரு பாதியையும் நான் மனசுக்குள்ள சேர்த்துக்கறேன். எப்போ பேசணும், எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்ச பிள்ளையால நாலு பேர் பிழைப்பாங்க.

இந்த வாரம் ஒரு சின்ன முயற்சி செய்யலாமா? தினம் ஒரு பழமொழி அனுப்பறதுக்குப் பதிலா, ஒரே ஒரு பழமொழியை எடுத்துக்கிட்டு ஏழு நாள் அதன்படி நடந்து பார்ப்போம். கமெண்ட்ல யாராவது முருகனைப் பத்தியோ நம்மளைப் பத்தியோ தப்பா எழுதினா, பதிலுக்குத் திட்டறதுக்கு முன்னாடி கந்தர் கலிவெண்பாவுல பத்துக் கண்ணி படிப்போம். படிச்சு முடிக்கிறப்போ திட்டத் தோணாது. அந்த வாக்கு செந்தூர்ல கிடைச்ச வாக்கு. நம்ம வாக்கையும் அது சுத்தம் பண்ணும்.

செவ்வாய்க்கிழமை, சஷ்டி, கிருத்திகை நாள்கள்ல கலிவெண்பாவை முழுசா பாராயணம் பண்ணுங்க. வைகாசி தேய்பிறை திருதியை வர்றப்போ சுவாமிகளை நினைச்சு ஒரு விளக்கு ஏத்துங்க. வீட்டுல படிக்கிற பிள்ளைங்களுக்கு இந்தக் கதையை நீங்களே உங்க வாயால சொல்லுங்க. பதிவை அனுப்பறதைவிட அது இன்னும் நல்லா போய்ச் சேரும்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!